நோயாளி தப்பினார், தகராறு தொடர்கிறது: அமெரிக்காவின் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

2020 டிசம்பர் 27 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட நிதி ஒதுக்கீட்டு மசோதா ஐயாயிரம் பக்கங்களைத் தாண்டியது. கொரோனா நிவாரணமும் அரசுத் துறைகளின் ஆண்டுச் செலவும் அடங்கிய அந்த மூட்டைக்குள் சேர்த்து நிறைவேற்றப்பட்டதுதான் ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’. மருத்துவக் காப்பீடு வைத்திருந்தும், தாம் தேர்ந்தெடுக்காத ஒரு மருத்துவரிடமிருந்து ஆயிரக்கணக்கான டாலருக்குப் பில் வருவதைத் தடுப்பது அதன் நோக்கம். 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது, அதில் எவ்வளவைத் தீர்த்தது, எந்த ஒரு முடிவை எடுக்காமல் விட்டதால் இன்றுவரை நீதிமன்றங்களிலும் நடுவர்களிடமும் இழுபடுகிறது என்பதே இங்கே பார்க்கப்படுகிறது.

சிக்கலின் வேர்

அமெரிக்காவில் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் குறிப்பிட்ட மருத்துவமனைகளோடும் மருத்துவர்களோடும் கட்டண ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஒப்பந்தத்துக்குள் இருப்பவர்கள் ‘நெட்வொர்க்’கில் உள்ளவர்கள், பேசி முடித்த தொகைக்கு மேல் அவர்கள் நோயாளியிடம் கேட்க முடியாது. வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. காப்பீட்டு நிறுவனம் தருவதை வாங்கிக்கொண்டு, மீதியை நோயாளியின் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடலாம். இதைத்தான் அங்கே ‘பேலன்ஸ் பில்லிங்’ என்கிறார்கள்.

நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையைத் தேடிப் போனவருக்கும் இந்தப் பில் ஏன் வருகிறது என்பதுதான் வெளியாருக்குப் புரியாத இடம். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் எமர்ஜென்சி மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து அறிக்கை எழுதுபவர், திசுப் பரிசோதனை செய்பவர் ஆகியோர் அந்த மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் இருப்பதில்லை. தனி நிறுவனங்கள் அவர்களை ஒப்பந்த அடிப்படையில் அனுப்புகின்றன. கட்டடம் நெட்வொர்க்கில் இருக்கும்; அதற்குள் வேலை செய்பவர் நெட்வொர்க்கில் இல்லாமல் இருக்கலாம். அறுவை சிகிச்சை மேசையில் படுத்திருப்பவர் தன் முகத்தில் மாஸ்க் வைப்பவரிடம் எந்தக் காப்பீட்டை ஏற்கிறார் என்று விசாரிக்கவா முடியும்?

இதில் ஒரு வணிகக் கணக்கும் உண்டு. சாதாரண மருத்துவர் நெட்வொர்க்கிலிருந்து விலகினால் நோயாளிகள் வேறிடம் போய்விடுவார்கள். எமர்ஜென்சி மருத்துவருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் அந்தப் பயம் இல்லை, ஏனென்றால் நோயாளி அவர்களைத் தேடி வருவதே இல்லை. மருத்துவமனைக்கு வருகிறார், அங்கே அவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வெளியே நிற்பது அவர்களுக்கு நட்டம் தராது. வெளியே நிற்கும் வாய்ப்பு கையில் இருந்தால், உள்ளே வருவதற்கும் அதிகக் கட்டணம் கேட்கலாம். இந்தக் கணக்கைப் பெரிய முதலீட்டு நிறுவனங்களும் அறிந்திருந்தன. மருத்துவர்களை அனுப்பும் டீம்ஹெல்த் நிறுவனத்தை 2017-இல் பிளாக்ஸ்டோன் வாங்கியது. என்விஷன் ஹெல்த்கேரை 2018-இல் கே.கே.ஆர் வாங்கியது.

யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்களான ஸாக் கூப்பரும் ஃபியோனா ஸ்காட் மார்ட்டனும் 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது: நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனைகளின் எமர்ஜென்சி பிரிவுக்குச் சென்றவர்களில் 22 சதவீதத்தினருக்கு நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவர் சிகிச்சை அளித்திருந்தார். ஐந்தில் ஒன்றுக்கும் மேல் என்றால் அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

மாநிலங்களின் இரண்டு வழிகள்

மத்திய அரசு அசைவதற்கு முன்பே சில மாநிலங்கள் சட்டம் இயற்றின. அவற்றில் இரண்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறகு வாஷிங்டனில் நடந்த சண்டை முழுவதும் இவ்விரண்டில் எதைப் பின்பற்றுவது என்பதைப் பற்றியதே.

2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நியூயார்க் சட்டம், மருத்துவரும் காப்பீட்டு நிறுவனமும் ஒத்துப்போகாவிட்டால் நடுவரிடம் போகச் சொன்னது. அந்த நடுவர்கள், அப்பகுதியில் மருத்துவர்கள் கேட்கும் கட்டணங்களை வரிசைப்படுத்தினால் 80 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே வருகிறதோ அந்த அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்கும் தொகையே அளவுகோல் ஆனால், கேட்பவர் நாளைக்கு இன்னும் கூட்டிக் கேட்பார் என்பது சொல்லாமலே விளங்கும். 2017-இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா சட்டமோ, திட்டமிட்ட சிகிச்சைகளுக்கு ஒரு தொகையைத் தானே நிர்ணயித்துவிட்டது: ஒப்பந்தக் கட்டணங்களின் சராசரி, அல்லது முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் தொகையின் 125 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. மருத்துவர் சங்கங்கள் முதல் வழியை விரும்பின, காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டாவதை.

எந்த வழியில் போனாலும் மாநிலங்கள் ஒரே சுவரில் முட்டிக்கொண்டன. 1974-ஆம் ஆண்டின் ‘எரிசா’ சட்டப்படி, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தன் சொந்த நிதியிலிருந்தே ஏற்கும் நிறுவனங்களின் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. வேலை வழியாகக் காப்பீடு பெறும் அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய திட்டங்களில்தான் இருக்கிறார்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்களில் பலரும் அதில் அடக்கம். அவர்களுடைய அட்டையில் பிரபலமான காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும், ஆனால் பணம் வேலை தந்த நிறுவனத்தினுடையது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1978-ஆம் ஆண்டின் விமானத் துறைச் சட்டம் விமானக் கட்டணத்தில் மாநிலங்கள் தலையிடக் கூடாது என்கிறது. நெஞ்சுவலியோடு தூக்கிச் செல்லப்படுபவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு பயணிதான். அரசுத் தணிக்கை அமைப்பின் கணக்குப்படி 2017-இல் ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்குக் கேட்கப்பட்ட இடைநிலைத் தொகை (எல்லாத் தொகைகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) சுமார் 36,400 டாலர்.

நாடாளுமன்றத்தில் இரண்டு ஆண்டுகள்

நோயாளியை இந்தத் தகராறிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதில் 2019-லேயே இரு கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. செனட்டில் குடியரசுக் கட்சியின் லமார் அலெக்ஸாண்டரும் ஜனநாயகக் கட்சியின் பாட்டி மரேவும், பிரதிநிதிகள் சபையில் ஃபிராங்க் பலோனும் கிரெக் வால்டனும் சேர்ந்தே வரைவுகளைக் கொண்டுவந்தார்கள். அவை கலிஃபோர்னியாவின் வழியை ஒட்டியவை: அந்தப் பகுதியில் ஒப்பந்தக் கட்டணங்களின் இடைநிலைத் தொகை எதுவோ, அதையே கொடுக்க வேண்டும்.

அந்தக் கோடையில் ‘டாக்டர் பேஷண்ட் யூனிட்டி’ என்ற பெயரில் தொலைக்காட்சி விளம்பரங்கள் நாடு முழுவதும் ஓடின. அரசு கட்டணத்தை நிர்ணயித்தால் மருத்துவமனைகள் மூடப்படும், எமர்ஜென்சியில் மருத்துவர் இருக்க மாட்டார் என்ற பயத்தை அவை விதைத்தன. பல கோடி டாலர் செலவழித்த அந்த அமைப்பின் பின்னால் இருப்பவர் யார் என்பது தொடக்கத்தில் வெளியே தெரியவில்லை. செப்டம்பரில்தான் டீம்ஹெல்த்தும் என்விஷனும் அதற்குப் பணம் தந்தவை என்று செய்தி வந்தது. டிசம்பரில் ஓர் உடன்பாடு எட்டப்பட்ட நிலையில், பிரதிநிதிகள் சபையின் வரிவிதிப்புக் குழுவை நடத்திய ரிச்சர்ட் நீலும் கெவின் பிரேடியும் நடுவர் முறையை முன்வைத்து வேறொரு திட்டத்தை அறிவிக்க, முந்தைய உடன்பாடு சிதைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், அலெக்ஸாண்டர் பதவி ஓய்வு பெறச் சில வாரங்களே இருந்தபோது, நடுவர் முறையை ஏற்றுக்கொண்ட சமரசம் பிறந்தது. கட்டணம் எவ்வளவு என்று சட்டம் சொல்லாது, அதை முடிவு செய்யும் நடைமுறையை மட்டும் சொல்லும் என்பதுதான் அந்தச் சமரசத்தின் சாரம். மசோதா நிறைவேறியதற்கு அதுவே காரணம். பிறகு வந்த தொல்லைகளுக்கும் அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

சட்டம் செய்வது என்ன

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையில் ஒருவருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடக்கிறது. மயக்க மருந்து நிபுணர் நெட்வொர்க்கில் இல்லை. அவர் கேட்பது 6,000 டாலர். அதே வேலைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தக் கட்டணங்களின் இடைநிலைத் தொகை 1,500 டாலர். நோயாளி தன் ஆண்டு டிடக்டிபிளை, அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் தானே ஏற்க வேண்டிய தொகையை, முன்பே கட்டி முடித்துவிட்டார். இனி 20 சதவீதம் அவர் பங்கு. சட்டத்துக்கு முன்பு, காப்பீட்டு நிறுவனம் 900 டாலர் தந்து ஒதுங்கிக்கொண்டால், மீதி 5,100 டாலருக்கான பில் நோயாளி வீட்டுக்கு வந்திருக்கும். அதற்குச் சில நாள் முன்பாகக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ‘இது பில் அல்ல’ என்ற தலைப்போடு ஒரு விளக்கத் தாளும் வந்திருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் பலர்.

இப்போது அந்த நோயாளியின் பங்கு 1,500 டாலரில் 20 சதவீதமான 300 டாலர், அதற்கு மேல் இல்லை. அந்த 300 டாலரும் நெட்வொர்க்குக்குள் செலவழித்ததாகவே கணக்கில் ஏறும். மருத்துவர் மிச்சத்துக்கு நோயாளியை அணுகக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை அபராதம் உண்டு. எமர்ஜென்சி சிகிச்சை, நெட்வொர்க் மருத்துவமனைக்குள் வெளி மருத்துவர் தரும் சிகிச்சை, ஹெலிகாப்டர் அல்லது விமான ஆம்புலன்ஸ் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். மெடிகேர் பயனாளிகளுக்கும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு பயனாளிகளுக்கும் இத்தகைய பாதுகாப்பு முன்பே இருந்தது.

ஒரு விலக்கு இருக்கிறது, அதன் வடிவம் கவனிக்கத்தக்கது. நெட்வொர்க்கில் இல்லாத ஒரு மருத்துவரை நோயாளி தெரிந்தே விரும்பினால், குறைந்தது 72 மணி நேரம் முன்னதாக மதிப்பீட்டுத் தொகையோடு எழுத்தில் அறிவித்து, கையெழுத்துப் பெற்று, முழுக் கட்டணம் வாங்கலாம். மயக்க மருந்து, எக்ஸ்ரே, திசுப் பரிசோதனை, பச்சிளங்குழந்தை மருத்துவம் போன்ற, நோயாளி தேர்ந்தெடுக்க வழியில்லாத பணிகளுக்கு அந்தக் கையெழுத்து செல்லாது. அட்மிஷன் கவுன்டரில் நீட்டப்படும் தாள்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவர் அபூர்வம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

இனி நோயாளிக்குத் தெரியாத மறுபாதி. காப்பீட்டு நிறுவனம் 30 நாளுக்குள் முதல் தொகையைத் தர வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். மருத்துவருக்கு அது போதவில்லை என்றால் 30 வேலைநாள் பேச்சுவார்த்தை. அதிலும் முடியாவிட்டால் நடுவர். அமெரிக்கப் பேஸ்பால் வீரர்களின் சம்பளத் தகராறில் பின்பற்றும் முறைதான் இதற்கும்: இரு தரப்பும் ஆளுக்கொரு தொகையை முன்வைக்க, நடுவர் இரண்டில் ஒன்றை அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும், இடையில் ஒரு தொகையைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. மேற்கண்ட கணக்கில் மருத்துவர் 4,000 என்றும் நிறுவனம் 1,500 என்றும் சொல்லி, நடுவர் மருத்துவர் பக்கம் தீர்த்தால், நிறுவனம் 3,700 தரும். நோயாளியின் 300 மாறாது. நியூயார்க்கின் அனுபவத்தைப் பார்த்தோ என்னவோ, மருத்துவர் பில்லில் எழுதும் தொகையை நடுவர் பார்க்கவே கூடாது என்றும், மறுபக்கத்தில் மெடிகேர் கட்டணத்தையும் பார்க்கக் கூடாது என்றும் சட்டம் தடுத்திருக்கிறது.

டெக்ஸாஸ் வழக்குகளும் நடுவர் மேசையும்

நடுவர் எதைப் பார்க்கலாம் என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது: இடைநிலைத் தொகை, மருத்துவரின் பயிற்சியும் அனுபவமும், நோயின் கடுமை, இரு தரப்பின் சந்தை பலம், முன்பு அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம் முதலியவை. எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் வந்த அரசு விதிகள் அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றன: வேறு நம்பத்தக்க காரணம் காட்டப்பட்டால் ஒழிய, இடைநிலைத் தொகைக்கு அருகில் இருப்பதையே நடுவர் தேர்ந்தெடுக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் தோற்ற வழியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறார்கள் என்று மருத்துவர்கள் கொதித்தார்கள்.

டெக்ஸாஸ் மருத்துவர் சங்கம் டைலர் நகர மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. 2022 பிப்ரவரி 23 அன்று நீதிபதி ஜெரமி கெர்னோடில் அந்த விதியை ரத்து செய்தார். சட்டம் சொல்லாத முன்னுரிமையை அரசு புகுத்த முடியாது என்பது அவருடைய வாதம். அரசு விதியைத் திருத்தியது. 2023 பிப்ரவரியில் அதுவும் ரத்தானது. நடுவரிடம் போவதற்கான நிர்வாகக் கட்டணத்தை அரசு 50 டாலரிலிருந்து 350 டாலராக உயர்த்தியதை 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் நீக்கியது. சட்டத்தின் வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் தீர்ப்பில் பிழை காண்பது கடினம். பட்டியல் கொடுத்துவிட்டு எடையைச் சொல்லாமல் விட்டது நாடாளுமன்றம்தான்.

விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 17,000 தகராறுகள் வரலாம் என்று அரசு மதிப்பிட்டிருந்தது. 2023-இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 2,88,000-க்கும் மேல் வந்தன. 2024-இல் ஆண்டு மொத்தம் 14 லட்சத்தைத் தாண்டியது. தீர்ப்பான வழக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மருத்துவர் தரப்பு வெல்கிறது. வென்ற தொகை பெரும்பாலும் இடைநிலைத் தொகையைவிட அதிகம். வழக்குத் தொடுப்பவர்களில் தனி மருத்துவர்கள் குறைவு. டீம்ஹெல்த், ரேடியாலஜி பார்ட்னர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களே முன்வரிசையில் நிற்கின்றன. தகுதியே இல்லாத வழக்குகளையும் கொண்டுவந்து குவிக்கிறார்கள் என்பது காப்பீட்டு நிறுவனங்களின் குறை. தீர்ப்பான தொகையைக்கூடக் காப்பீட்டு நிறுவனங்கள் உரிய 30 நாளில் தருவதில்லை என்பது மருத்துவர்களின் குறை. இரண்டாவது குறைக்கு 2025 ஜூனில் பெரிய அடி விழுந்தது: நடுவர் தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு தனியார் நேராக நீதிமன்றத்தில் வழக்குப் போட இச்சட்டம் இடம் தரவில்லை என்று டெக்ஸாஸும் அடங்கிய ஐந்தாம் வட்டத்தின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. என்விஷன் 2023 மே மாதத்தில் திவால் பாதுகாப்பு கோரியபோது, அது சொன்ன காரணங்களில் இச்சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட விதமும் ஒன்று.

இந்த இரைச்சலில் ஒன்றை மறக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி, 2022-இன் முதல் ஒன்பது மாதங்களில் 90 லட்சத்துக்கும் அதிகமான பில்கள் நோயாளிகளிடம் போகாமல் தடுக்கப்பட்டன. கணக்குச் சொல்பவர்கள் ஒரு தரப்பினர் என்பதால் எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், முதன்மை நோக்கத்தில் சட்டம் வென்றிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நடுவர்கள் தரும் கூடுதல் தொகை எங்கிருந்தோ வர வேண்டும். அது அடுத்த ஆண்டு பிரீமியத்தில் வரும். இச்சட்டம் பிரீமியத்தைச் சற்றே குறைக்கும் என்றுதான் நாடாளுமன்றத்தின் நிதி மதிப்பீட்டு அலுவலகம் நிறைவேறிய சமயத்தில் கணித்திருந்தது. 2024-இன் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு அந்தக் கணிப்பை அப்படியே நம்புவது எளிதல்ல.

விட்டுப்போனவை

தரைவழி ஆம்புலன்ஸைச் சட்டம் சேர்க்கவில்லை. ஹெலிகாப்டரில் போனவருக்குப் பாதுகாப்பு உண்டு, அதே விபத்தில் வேனில் போனவருக்கு இல்லை. பல ஊர்களில் தீயணைப்புத் துறையும் நகராட்சியுமே ஆம்புலன்ஸ் நடத்துகின்றன; ஊர் நிதியில் கைவைக்க எந்த உறுப்பினரும் விரும்பவில்லை. ஆகவே ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து விஷயத்தை அங்கே அனுப்பினார்கள். நோயாளியின் பங்கு 100 டாலரை, அல்லது கட்டணத்தின் 10 சதவீதத்தை, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவும் டெக்ஸாஸும் 2024 ஜனவரி முதல் தங்கள் மாநிலச் சட்டங்களால் இந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன, ஆனால் ‘எரிசா’ சுவருக்கு அப்பால் இருக்கும் திட்டங்களுக்கு அவையும் எட்டாது.

காப்பீடு உள்ளவருக்குச் சிகிச்சைக்கு முன்பே மொத்தச் செலவையும் விளக்கும் தாள் தரப்பட வேண்டும் என்ற பிரிவு, தொழில்நுட்ப ஏற்பாடுகள் தயாராகவில்லை என்ற காரணத்தால் தொடக்கத்திலேயே ஒத்திவைக்கப்பட்டது. காப்பீடு இல்லாதவருக்கான பகுதி மட்டும் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியதும் இதுவே. அவர்கள் வாங்கிச் செல்லும் விசிட்டர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் பயணக் காப்பீட்டு வகையைச் சேர்ந்தது. மேலே சொன்ன பில் தடை அதற்குப் பொருந்தாது, நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போனால் மீதித் தொகை கேட்டுப் பில் வரலாம். ஆனால் காப்பீடே இல்லாதவரும், கிளெய்ம் செய்யாமல் கையிலிருந்து கட்டுபவரும், முன்கூட்டியே தேதி குறித்த சிகிச்சை என்றால் மதிப்பீட்டுத் தொகையை எழுத்தில் பெற உரிமை உள்ளவர்கள். கேட்டால் மூன்று வேலைநாளுக்குள் தர வேண்டும். இறுதிப் பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடியிருந்தால், பில் கிடைத்த 120 நாளுக்குள் 25 டாலர் கட்டி அரசு நியமித்த அமைப்பிடம் முறையிடலாம். அந்த முறையீடு நிலுவையில் இருக்கும்வரை மருத்துவமனை அந்தப் பில்லை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கவோ தாமதக் கட்டணம் சேர்க்கவோ கூடாது.